முதலில் நிற்கப் படி

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே அரபிக்கடல் ஓரமாக இருக்கிறது இனயம். 2016-இல் மத்திய அமைச்சரவை பெரிய துறைமுகம் ஒன்றுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தர, மீனவர்கள் எதிர்த்து நிற்க, நாளிதழ்களில் பெயர் அடிபட்ட ஊர். அந்தக் கடற்கரைக்குப் போக வாய்த்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த மணலில் கால்களைத் தோளைவிடச் சற்று அகட்டி வைத்து, முழங்காலைப் பாதி மடக்கி, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு தொடை கனக்கும். ஒரு நிமிடம் கடந்தால் எரியும். அதையும் தாண்டினால் முழங்கால் தானாக நடுங்கத் தொடங்கும். ஓடவில்லை, குதிக்கவில்லை, எதையும் தூக்கவில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. நீளாமலும் சுருங்காமலும் இறுகியே நிற்கும் தசை, தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. கழிவுகள் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன. தசைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு நுனிகள் இதை மூளைக்குச் சொல்ல, மூளை ஒருபுறம் உங்களுக்கு எரிச்சலை உணர்த்துகிறது, மறுபுறம் இதயத்தை முடுக்கி, நெரிபட்ட குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது. நடுக்கத்துக்குக் காரணம் வேறு. களைத்துப்போன தசையிழைகளுக்குத் துணையாகப் புதிய இழைக்கூட்டங்கள் வேலைக்கு வருகின்றன. அவை சீராக இழுக்காமல் விட்டுவிட்டு இழுப்பதுதான் வெளியே நடுக்கமாகத் தெரிகிறது.

தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஹுங் கார் என்ற குங்ஃபூ முறையைக் கற்கப் போகிறவருக்கு முதல் பாடம் இப்படி நிற்பதுதான். குதிரைமேல் அமர்ந்த நிலை என்று அதற்குப் பெயர். குமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தோப்புகளில் அடிமுறை படிக்கப் போகிற பையனுக்கும் தொடக்கம் காலில்தான். சுவடு என்பார்கள். எந்தக் கால் எங்கே, எடை எந்தக் காலில், இடுப்பு எந்தப் பக்கம் என்பதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "ஆசானே, அடி எப்பம் படிச்சுத் தருவிய?" என்று பொறுமையிழந்து கேட்டால், "மொதல்ல நிக்கப் படி மக்களே" என்ற மாதிரிதான் பதில் வரும்.

இந்தப் பதிலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், ஆசான் மாணவனின் பொறுமையைச் சோதிக்கிறார் என்பது. சினிமாவும் அதையே நமக்குப் பழக்கியிருக்கிறது. உடலியங்கியல் வேறொரு விளக்கம் தருகிறது. சண்டையில் முடிவெடுக்கும் வேலையைச் செய்யும் நரம்புப் பகுதிகள் நம் விருப்பத்துக்கு முன்பே இயங்கிவிடுபவை. அவற்றைச் சொல்லிக் கொடுத்துத் திருத்த முடியாது, நிற்க வைத்தும் நடக்க வைத்தும் தொட வைத்தும்தான் திருத்த முடியும். இந்த விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

அதற்குள் போகுமுன் ஒரு பழங்கதையைக் கடந்தாக வேண்டும். குமரி ஆசானும் குவாங்டோங் ஆசானும் ஒரே மாதிரி தொடங்குகிறார்கள் என்று தமிழ்நாட்டில் யாரிடம் சொன்னாலும், உடனே போதிதருமர் வந்துவிடுவார். 2011-இல் வந்த '7ஆம் அறிவு' படம் அந்தக் கதையை வீடுதோறும் சேர்த்தது. காஞ்சிபுரத்திலிருந்து போன இளவரசர் ஷாவ்லின் துறவிகளுக்குச் சண்டைக் கலை கற்பித்தார் என்பது சுருக்கம். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஐ ஒட்டி யாங் சுவான்ஷி எழுதியது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. அதே நூற்றாண்டின் இன்னொரு குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் சண்டை இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யீஜின் ஜிங்' என்ற நூல் 1624 அளவில் எழுதப்பட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டு மூப்பு காட்ட ஒரு பொய் முன்னுரையும் சேர்த்திருக்கிறார்கள். டாங் ஹாவ் என்ற சீன வரலாற்றாய்வாளரே 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதை உடைத்துக் காட்டிவிட்டார்.

தமிழருக்கும் தென்சீனருக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் இருந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409 தேதியிட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த கல், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பேசுகிறது; அது காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. ஃபூஜியன்தான் வெண்கொக்கு முறை உள்ளிட்ட தென்சீனக் கைச்சண்டை முறைகள் பலவற்றின் தாய்வீடு என்பதால், வணிகக் கப்பலில் மிளகோடு அடியும் ஏறிப் போயிருக்கும் என்று எழுதிவிட ஆசை வரும். மிளகு போனதற்குச் சான்று உண்டு, அடி போனதற்கு இல்லை. மனித உடம்புக்கு எங்கும் இரண்டு கால்தான், முழங்கை நரம்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் ஓடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று சண்டையிடும் எவரும் ஏறத்தாழ ஒரே தீர்வுகளுக்கு வந்து சேர்வதில் வியப்பில்லை.

ஒற்றுமை எதில் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சீனத்தில், தெற்கே கை, வடக்கே கால் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். வடக்கத்தி முறைகளில் உயர்ந்த உதைகளும் பாய்ச்சல்களும் அதிகம். தெற்கில் கால் தரையைவிட்டு அதிகம் எழாது, கை குறுகிய தூரத்தில் வேலை செய்யும். நம் பக்கமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. மலபாரின் வடக்கன் களரியில் தரையைத் தோண்டி 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைத்த குழியில் எண்ணெய் தேய்த்த உடம்பு வளைந்து தாவும். ஆயுதம் அதன் இலக்கு. குமரி அடிமுறைக்குத் தென்னந்தோப்பின் திறந்தவெளி போதும். வெறுங்கைதான் முதலில். அடிதடை, பிடி, பூட்டு, பிறகு கம்பு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தது. 1958-இல் கேரளத்தில் களரிப்பயிற்றுச் சங்கம் உருவானபோது இந்த முறை அங்கே தெக்கன் களரி என்ற பெயரில் பட்டியலேறியது. எல்லைக்கு இந்தப்புறம் அது அடிமுறையாகவும் வர்ம அடியாகவும் தொடர்ந்தது.

தென்சீனரின் குறுகிய நிலைக்குப் படகுச் சண்டையைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆற்றிலும் கடலிலும் வாழ்ந்தவர்கள், ஆடும் பலகைமேல் நின்று பழகியவர்கள் என்று. இனயத்தில் வள்ளத்தில் நிமிர்ந்து நின்று வலை வீசுபவரைப் பார்த்தவருக்கு இது உடனே பிடித்துவிடும். ஆனால் அதே குவாங்டோங்கில் பிறந்த விங் சுன் முறை கால்களை நெருக்கி நிற்கிறது, ஹுங் கார் அகட்டி அமர்கிறது. இரண்டையும் ஒரே படகு உண்டாக்கியிருக்க முடியாது.

இனி கால். நின்றே பழகுபவருக்கு முதல் சில வாரங்களில் தொடை பருக்காது, ஆனால் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் 1979-இல் காட்டியது இதைத்தான்: பயிற்சியின் தொடக்க வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்பின் வரவு, தசையின் பருமன் பின்னால்தான் வருகிறது. மூளை அதுவரை அழைக்காமல் விட்டிருந்த இழைகளை அழைக்கக் கற்கிறது. வேண்டாத இடத்தில் இறுகுவதை விடக் கற்கிறது. அசையாமல் நிற்கும் பயிற்சியில் இன்னொரு தன்மையும் உண்டு. எந்தக் கோணத்தில் முழங்காலை மடக்கி நிற்கிறோமோ, அந்தக் கோணத்தை ஒட்டித்தான் வலிமை அதிகம் கூடுகிறது. பல உயரங்களில், பல திசைகளில் சுவடு வைக்கச் சொல்வதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை.

இடையே ஒன்று. 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. ஓட்டம், எடை தூக்கல் உள்ளிட்ட பலவகைப் பயிற்சிகளில், ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தை அதிகம் குறைத்தது தசையை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் வகைதான். மேல் அளவு சராசரியாக 8 புள்ளிக்குச் சற்று மேலாகக் குறைந்தது. நிற்கும் நேரத்தில் ஏறும் அழுத்தம், பல வாரப் பழக்கத்தில் இறங்கியே நிற்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது மட்டும் கூடாது. ஏற்கெனவே அழுத்தம் கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு நிற்கலாம்.

ஆனால் வலிமையைவிட முக்கியமான ஒன்று காலில் நடக்கிறது. 1967-இல் மாஸ்கோவில் பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்செவ் ஆகியோர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நிற்கும் ஒருவரைக் கையைச் சட்டென்று தூக்கச் சொல்லி, தசைகளில் எழும் மின்சாரத்தைப் பதிவு செய்தார்கள். தோள் தசை விழிப்பதற்குச் சில பத்து மில்லிநொடிகள் முன்னதாகவே காலிலும் முதுகிலும் தசைகள் விழித்துவிட்டன. கை முன்னே போனால் உடம்பின் எடைமையம் நகரும், நகர்ந்தால் சாய்வோம் என்பதை மூளை முன்கூட்டியே கணக்கிட்டுக் காலுக்குச் சொல்லிவிடுகிறது. கையைத் தூக்கியவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் கையைத் தூக்கினார், அவ்வளவுதான்.

அடி என்பது இதன் பெரிய வடிவம். கை பாய்வதற்கு முன் கால் தயாராகவில்லை என்றால், பாயும் கை தன் உடம்பையே பின்னால் தள்ளும். புதிதாகக் கற்பவர் குத்தும்போது தோளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி, முன்னால் விழப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காலை அழுத்து என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு வராது. அந்த முன்தயாரிப்பு சொல்லைக் கேட்கும் இடத்தில் நடக்கவில்லை. எடையைக் காலுக்குக் கால் மாற்றி மாற்றி, ஆயிரம் தடவை சுவடு வைத்த பிறகு அந்தக் கணக்கு தானாகத் திருந்தும். ஆசான் கையை ஒத்திவைப்பது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மணல் இந்தப் பாடத்தைக் கடுமையாக்குகிறது. பெல்ஜியத்தின் லூவெய்ன் ஆய்வாளர்கள் 1998-இல் அளந்தபடி, மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. கால் தள்ளும் விசையில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. ஒவ்வொரு அடியிலும் தரை வேறு மாதிரி தாழ்வதால், பாதத்தின் அழுத்தவுணர் நுனிகளும் கணுக்கால் தசையின் நீட்சியுணர் உறுப்புகளும் ஓயாமல் செய்தி அனுப்பியபடி இருக்கின்றன. சிறுவயதிலிருந்தே கரமடி வலை இழுத்து வளர்ந்த கடற்கரைப் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் களரிக்கு வராமலே பாதி படித்துவிடுகிறார்கள்.

காலிலிருந்து கைக்கு எவ்வளவு வருகிறது? சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் சகாக்களும் 1985-இல் 120 குத்துச்சண்டை வீரர்களை வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். முதல்தர வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு 38 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கையின் பங்கு 24. இளம் வீரர்களிடம் கணக்கு தலைகீழ்: கை 38, கால் 16.5. கையின் எடை உடம்பில் சுமார் 5 விழுக்காடுதான். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. கையால் மட்டும் குத்துபவர் அந்த 3 கிலோவை வீசுகிறார். படும் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் ஒரு நொடிப்பொழுது இறுகி ஒரே தண்டாகிவிட்டால், பின்னால் இருக்கும் உடம்பும் அந்த அடியில் சேர்கிறது. முன்கூட்டியே இறுகினால் வேகம் செத்துவிடும், பிந்தினால் மணிக்கட்டு மடங்கிவிடும்.

தென்சீன முறைகளின் பெருமையே, இதை மிகக் குறைந்த தூரத்தில் செய்து காட்டுவது. விங் சுன்னை ஹாங்காங்கில் யிப் மேனிடம் படித்த புரூஸ் லீ, 1964-இல் லாங் பீச் கராத்தே போட்டியில் ஓர் அங்குலத் தொலைவிலிருந்து குத்தி ஆளைத் தள்ளிக் காட்டினார். அதைப் பார்த்தவர்கள் தசைவலிமையை வியந்தார்கள். லண்டன் ஆய்வாளர் ராபர்ட்ஸும் சகாக்களும் கருப்புப் பட்டை பெற்ற கராத்தேக்காரர்கள் 12 பேரையும், உடற்பயிற்சி உள்ள ஆனால் சண்டை பயிலாத 12 பேரையும் 5 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து குத்தவைத்தார்கள். கராத்தேயின் முக்கியக் கிளைகள் ஃபூஜியனிலிருந்து ஒக்கினாவா போனவை என்பதால் சோதனை நம் விஷயத்துக்கு அருகில்தான் நிற்கிறது. தசைவலிமையில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. கருப்புப் பட்டைக்காரர்களின் குத்து வலுவாக இருந்ததற்குக் காரணம், தோளும் மணிக்கட்டும் உச்ச வேகத்தை எட்டும் நேரம் அவர்களிடம் ஒத்துப்போனது. கரையில் கரமடி இழுப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் கயிறு அசையாது, ஒரு சத்தத்துக்கு எல்லோரும் இழுத்தால் மடி வரும், அதே கணக்குதான். அந்தச் சத்தத்தைக் கொடுப்பது சிறுமூளை. அந்த ஆய்வில், சிறுமூளையிலிருந்து வெளியேறும் நரம்பிழைகளின் நுண்ணமைப்பிலேயே இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரிந்தது.

அடுத்தது தடுப்பது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் கை, அரை மீட்டரைக் கடக்க சுமார் 60 மில்லிநொடி. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்க ஏறத்தாழ 200 மில்லிநொடி. எந்தப் பக்கம் வருகிறது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமென்றால் இன்னும் கூடும். ஆக, வரும் அடியைக் கண்டு தடுப்பது நெருங்கிய தூரத்தில் நடக்காத காரியம். தேர்ந்தவர்கள் கையைப் பார்ப்பதில்லை. தோள் அசைவு, இடுப்பின் திருப்பம், எடை மாறும் கால் ஆகியவற்றிலிருந்து, கை கிளம்பும் முன்பே ஊகிக்கிறார்கள். சுவடு இங்கேயும் உதவுகிறது. தன் உடம்பில் எடை எப்படி மாறுகிறது என்று பழகியவருக்கு எதிரியின் எடைமாற்றமும் பிடிபடும்.

இரண்டாவது வழி கண்ணையே விட்டுவிடுவது. விங் சுன்னில் சி சாவ் என்றொரு பயிற்சி உண்டு. இருவரும் முன்கைகளை ஒட்டவைத்து, பிரிக்காமல் உருட்டியபடியே இடைவெளி தேடுவார்கள். அடிமுறையில் பிடியும் பூட்டும் பழகும்போது தோல் இதே வேலையைச் செய்கிறது. தொட்டிருக்கும் கை இழுபட்டவுடன் தசைக்குள் இருக்கும் நீட்சியுணர்வு உறுப்பு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, 25 முதல் 50 மில்லிநொடிக்குள் முதல் பதில் வந்துவிடுகிறது. அது மூளையைக் கேட்காத, சொல்லி மாற்ற முடியாத பதில். சற்றுப் பின்னால், 50 முதல் 100 மில்லிநொடிக்குள் வரும் இரண்டாவது பதில்தான் சுவையானது. 1956-இல் ஹேமண்ட் என்ற ஆய்வாளர், கையை இழுக்கும் முன் எதிர்த்து நில் என்றோ விட்டுக்கொடு என்றோ சொல்லிப் பார்த்தார். விருப்பச் செயலுக்கு நேரமே இல்லாத அந்த இடைவெளியில் வந்த பதில், முன்பே தந்த கட்டளைக்கு ஏற்ப மாறியது. தள்ளினால் தள்ளாதே, அவன் வேகத்தோடு போ என்று ஆசான் ஆண்டுக்கணக்கில் சொல்வது இந்த இரண்டாவது பதிலுக்குள் எழுதப்படுகிறது. மெய் கண்ணாக வேண்டும் என்று களரிக்காரர்கள் சொல்வதுண்டு. பிலிப் ஸாரில்லி 1998-இல் களரி பற்றி எழுதிய நூலின் தலைப்புக்கும் அதுவே அடிப்படை. மிகைப்படுத்திய பேச்சு என்று நினைத்திருந்தவர்கள் ஹேமண்டின் வரைபடத்தைப் பார்க்கலாம்.

பயிற்சியின் வரிசை பற்றிச் சுருக்கமாக. முதலில் ஆசானின் வாய்ச்சொல்லுக்கு ஒரே சுவடு மாறாமல் நூறு தடவை, பிறகு அடிதடையில் எது வரும் என்று தெரியாத நிலை. ஷியா, மோர்கன் இருவரும் 1979-இல் கண்டது: ஒரே அசைவை அடுக்கடுக்காகச் செய்பவர் அன்றைக்கு நன்றாகச் செய்கிறார், கலைத்துப் போட்டுச் செய்பவர் பத்து நாள் கழித்து நன்றாகச் செய்கிறார். முதல் வகையிலேயே நின்றுவிடும் வகுப்புகள் இன்று நிறைய. மேடையில் அழகாக இருக்கும், எதிரே ஆள் வந்தால் உதவாது.

இனி எல்லோரும் காத்திருக்கும் வர்மம். 'இந்தியன்' படம் (1996) இரண்டு விரலால் ஆளை முடக்கியதிலிருந்து இதற்கு மவுசு. குமரி ஓலைச்சுவடிகளில் வர்மங்கள் 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஆயுர்வேத நூலாசிரியர் சுசுருதர் சொல்லும் மர்மங்கள் 107. தென்சீனத்திலும் திம் மாக் என்ற பெயரில் இப்படியோர் உயிர்நிலைக் கணக்கு உண்டு. நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப உயிரோட்டம் இடம் மாறும் என்பது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அந்த இடமாற்றத்துக்கு உடலியலில் ஆதாரம் இல்லை. பார்வையால் வீழ்த்தும் நோக்கு வர்மத்துக்குச் சினிமாவுக்கு வெளியே ஆதாரம் இல்லை. ஆனால் புள்ளிகள் எல்லாமே கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. முழங்கை உட்புறத்தில் ஒரு பெரிய நரம்பு எலும்புக்கும் தோலுக்கும் நடுவே காவலின்றி ஓடுகிறது; கதவில் இடித்துக்கொண்டவர் அறிவார். முழங்காலின் வெளிப்புறத்திலும் அப்படியொன்று. கழுத்தின் பக்கவாட்டில் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விடம் இருக்கிறது. அழுத்தம் திடீரென ஏறிவிட்டதென்று அது ஏமாந்தால் இதயத்தை மெதுவாக்கிவிடும், ஆள் மயங்குவார். மேல்வயிற்றில் பட்டால் உதரவிதானம் பிடித்துக்கொள்ள, சிறிது நேரம் மூச்சு வராது. நூற்றாண்டுகளாகச் சண்டையும் விபத்தும் பார்த்தவர்கள் இந்த இடங்களைக் குறித்து வைத்ததில் மாயம் எதுவும் தேவையில்லை.

மார்பின் நடுவே நேர் வர்மம் என்பார்கள். அங்கே பட்ட சாதாரண அடியில் ஆள் செத்து விழுந்த கதைகள் உலகெங்கும் உண்டு. பேஸ்பால் பந்து பட்டு இறந்த சிறுவர்கள் அமெரிக்க மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். 1998-இல் லிங்க் என்ற மருத்துவரும் குழுவினரும் பன்றிக்குட்டிகளை வைத்துக் காரணம் கண்டார்கள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே, இதயம் மின்னளவில் மீளத் தயாராகும் 15 மில்லிநொடி இடைவெளியில் அடி விழுந்தால் மட்டும் துடிப்பு குலைந்து நடுங்குகிறது. முழுத் துடிப்பு சுமார் 800 மில்லிநொடி என்றால் இது ஐம்பதில் ஒரு பங்கு. 200 மில்லிநொடிக்கு முன் கையை அசைக்கவே முடியாத மனிதன் அந்த இடைவெளியைக் குறிவைத்து அடிக்க வழியில்லை. நடந்தது உண்மை; ஆசான் நினைத்து நடத்தினார் என்பதுதான் கதை.

இன்று அடித்தால் நாளை சாவான் என்ற நம்பிக்கை இதைவிடச் சுவாரசியமானது. குமரியிலும் குவாங்டோங்கிலும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். மண்ணீரல் அடிபட்டால், அதன் உறைக்குள் ரத்தம் தேங்கி, நாட்கள் கழித்து உடைவது மருத்துவம் அறிந்த ஒன்று. நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் மண்டையோடு மெலிந்திருக்கிறது. அதன் உட்புறமாக ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டவர் ஒரு கணம் நினைவிழந்து, எழுந்து, தண்ணீர் குடித்து, பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார். உள்ளே கசியும் ரத்தம் மூளையை அழுத்த, சில மணிநேரத்தில் விழுவார். 2009 மார்ச்சில் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்த ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் அறைக்குத் திரும்பினார். இரண்டு நாளில் இறந்தார். இப்படி ஒரு சாவை ஊர் பார்த்திருந்தால் வர்மக் கதை பிறக்க அது போதும்.

சண்டை வாத்தியாரே எலும்பு வைத்தியராகவும் இருப்பது இரு நாட்டுக்கும் பொதுவான இன்னொரு செய்தி. ஹுங் காரின் மிகப் புகழ்பெற்ற ஆசான் வோங் ஃபெய்-ஹுங் போ ஜி லாம் என்ற மருந்தகம் நடத்தியவர். குமரியில் அடிமுறை ஆசான் வர்ம வைத்தியரும்கூட. ஜெர்மானிய ஆய்வாளர் ரோமன் சீலர் 2015-இல் வெளியிட்ட நூல் இந்த மாவட்டத்து ஆசான்களின் அருகே இருந்து எழுதப்பட்டது. இனயத்திலிருந்து சில கிலோமீட்டரில் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அடித்தால் மயங்குகிற இடம் தெரிந்தவருக்கு எழுப்புகிற இடமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மரபு. அடங்கல் என்றும் இளக்குமுறை என்றும் அதைச் சொல்வார்கள். சுக்கை மென்று மூக்கிலும் காதிலும் ஊதுவது அதில் ஒரு முறை. மூக்கில் படும் காரம் முகத்தின் பெரிய நரம்பைக் கிளறி மூச்சை இழுக்க வைக்கிறது. குத்துச்சண்டைக் களங்களில் முகரக் கொடுத்த அம்மோனியா உப்பும் இதையே செய்தது. ரத்த அழுத்தம் விழுந்து மயங்கியவர் படுக்க வைத்தாலே பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆசானின் வெற்றிக் கணக்கில் அதற்கு நல்ல பங்கு உண்டு.

வர்மத்தைக் கடைசியாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், பலருக்குச் சொல்லியே கொடுக்கமாட்டார்கள். ரகசியம் காக்கிறார்கள் என்று பேச்சு. அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. புள்ளி ஒரு கட்டைவிரல் அகலம். அது இருக்கும் உடம்பு ஓயாமல் நகர்கிறது. காலும் தோலும் பழகாதவரிடம் 108 பெயரையும் ஒப்பித்தால் அவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. காலும் தோலும் பழகியவருக்குப் பாதிப் புள்ளிகள் ஏற்கெனவே கையில் தட்டுப்பட்டிருக்கும்.

களரியில் கணுக்கால் சுளுக்கினால் ஆசானின் எண்ணெயும் கட்டும் நன்றாகவே வேலை செய்யும். வீக்கத்தை அழுத்திப் பிடித்து, தொடக்கத்தில் மூட்டுக்கு ஓய்வு தருவது எந்த வைத்தியமும் ஏற்கும் முறை. தலையில் அடிபட்டு ஒரு கணமேனும் நினைவு தப்பியவர் விஷயம் அப்படியல்ல. அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், சாயா கேட்டாலும், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். போகும் வழியில் அவரைத் தூங்க விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் கைப்பேசி பார்க்கக் கூடாது. பேச்சு குழறுகிறதா, வாந்தி வருகிறதா, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.